ஆறு பாய் அறை

உங்கள் பிள்ளை எங்கே படுக்கிறாள்?

இதை என்னிடம் முதலில் கேட்டவர் மகளின் கார்டெரியில், அதாவது பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில், அவளுடைய குழுவுக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியை. கேட்டுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. வீட்டு விலாசத்தைச் சொல்வதுபோலச் சொல்லிவிடக்கூடிய பதில்தான். ஆனால் சொல்லத் தொடங்கினால், "அது வந்து..." என்று இழுபட்டு, கேட்டவர் நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைக்கும் இடத்தில் போய் நிற்கும்.

அது மாசி மாதத்துப் பின்னேரம் ஒன்று. மகளுக்கு அப்போது நான்கு வயது நிறையவில்லை. மொன்ட்ரியல் டவுன்டவுனில் வேலை முடித்து, மெத்ரோ பிடித்து, பஸ் மாறி, அஹுன்ட்சிக்கில் இறங்கி, உறைந்த நடைபாதையில் வழுக்கி வழுக்கி ஓடிப்போனேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த நாட்களிலும் பிந்திவிட்டேன் என்றுதான் எனக்கு நெஞ்சு அடிக்கும். மகள் பனிச்சப்பாத்துகளை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆசிரியை ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கதைக்கலாமா என்று பிரெஞ்சில் கேட்டார்.

அந்தக் கிழமை பிள்ளைகள் எல்லோரும் "என் அறை" என்று ஒரு படம் கீறியிருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த படங்களில் கட்டில் இருந்தது, கட்டிலில் கரடிப்பொம்மை இருந்தது, யன்னலும் யன்னலில் சூரியனும் இருந்தன. என் மகளின் தாளில் ஒரு பெரிய பெட்டி. பெட்டிக்குள் மூன்று கோடுகள். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு வட்டம்.

"கட்டில் எங்கே என்று கேட்டேன். தனக்குக் கட்டில் இல்லை என்கிறாள்."

"கட்டில் இருக்கிறது," என்றேன். அது உண்மை. சின்ன அறையில் வெள்ளைக் கட்டில் ஒன்று இருந்தது. அதன் மேல் தோய்த்துக் காய்ந்த உடுப்புகள் எப்போதும் குவிந்து கிடந்தன. அதுவும் உண்மை.

"நல்லது. அவள் எங்கே படுக்கிறாள்?"

"எங்களோடு."

"உங்கள் கட்டிலிலா?"

"இல்லை. கீழே."

"தரையிலா?"

பாய்க்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது? மொழி வகுப்பில் மேசை, கதிரை, கரண்டி எல்லாம் படிப்பித்தார்கள். பாயை யாரும் படிப்பிக்கவில்லை. அவசரத்தில் வாயில் வந்தது "தப்பி" என்ற சொல். நாங்கள் எல்லோரும் தப்பியில் படுக்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.

ஆசிரியையின் முகம் மாறியது. மாறி, மிகவும் அன்பாக ஆனது. அந்த அன்புதான் என்னைக் கலக்கியது. மேலாளரோடு கதைத்துப் பார்ப்பதாகவும், தேவைப்பட்டால் சமூக சேவைப் பிரிவிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து கதைப்பார் என்றும் சொன்னார். உதவிக்காகத்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் தொடங்கும்.

என் கணவருக்கு லாசாலில் ஒரு பெட்டி கட்டும் தொழிற்சாலையில் வேலை. வந்து தேத்தண்ணியோடு இருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீர் என்னெண்டு சொன்னனீர்?"

"தப்பி எண்டனான்."

"இஞ்சேரும், தப்பி எண்டால் கார்ப்பெட் எல்லே! வாசல்ல கால் துடைக்கப் போடுறதையும் அப்பிடித்தான் சொல்லுறவங்கள்." கோப்பையை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "பிள்ளையைக் கால்துடைக்கிறதில கிடத்துறம் எண்டு சொல்லிப்போட்டு வந்து நிக்கிறீர். தப்பி எண்டு சொல்லியே வசமா மாட்டுப்பட்டிட்டீர்."

"உங்களுக்குப் பகிடி. ஆரோ வீட்டை வரப்போகினமாம்."

"வரட்டுமன். தேத்தண்ணி குடுத்து விடுவம்."

நாங்கள் படுத்தது கால்துடைப்பானில் இல்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். ஹோலில் பெரிய மெத்தை ஒன்றை விரிப்போம். மெத்தைச் சூடு கணவருக்கு ஒத்துவராது என்பதால் அதன் மேல் தமிழ்க் கடையில் வாங்கிய பாய். படுக்கையறை யன்னலால் குளிர் உள்ளே வரும். ஹோலில் ஹீட்டர் நன்றாக வேலை செய்யும். முதல் பனிக்காலத்தில் அப்படித் தொடங்கியது. பிறகு வெயில் காலத்திலும் அப்படியே இருந்துவிட்டோம். காலையில் மெத்தையைச் சோபாவுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தால் அது திரும்பவும் ஆட்கள் வந்து இருக்கிற ஹோல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலின் கீழ்த்தளத்து மண்டபத்தில், எங்களுக்குப் பழக்கமான ஓர் அன்ரியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லும்போதே தெரிந்தது.

"பிள்ளை உங்களோடயோ படுக்குது? இந்த வயசிலயோ? ஐயோ பிள்ளை, ஆரிட்டையும் சொல்லாதையும். இஞ்ச அது பெரிய பிழை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்."

"உங்கட பிள்ளைகள் எங்க படுத்தவை, அன்ரி?"

"எங்களோடதான்." கையிலிருந்த மரக்கறி ரோல்ஸை ஒரு கடி கடித்தார். "அது அப்ப."

இதெல்லாம் நடந்த நாட்களில் பகலில் நான் செய்துகொண்டிருந்த வேலையையும் சொல்லவேண்டும். இரண்டும் என் தலைக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டன. நூலகக் கல்வி முடித்து எனக்குக் கிடைத்த முதல் வேலை அது, கட்டடக்கலைஞர்களின் வரைபடங்களையும் ஆவணங்களையும் பாதுகாக்கும் ஒரு காப்பகத்தில், தற்காலிகமாக. போருக்குப் பிந்திய காலத்தில் நகரத்துக் குடும்பங்களுக்கு வீடுகள் கட்டிய ஒரு ஜப்பானியக் கட்டடக்கலைஞரின் சேகரிப்பு அப்போது அங்கே வந்து சேர்ந்திருந்தது. அவர் இறந்துவிட்டார். அவருடைய அலுவலகத்திலிருந்த வரைபடங்கள், மாதிரி அச்சுகள், புகைப்படங்கள் எல்லாம் கடல் கடந்து மொன்ட்ரியலுக்கு வந்திருந்தன. எங்களைப்போல, என்று ஒருநாள் கணவரிடம் சொன்னேன். அதுகளுக்கு விசா சுகமாக் கிடைச்சிருக்கும் என்றார்.

பல வருடங்கள் சுருண்டு கிடந்த மெல்லிய தாள்களை விரித்து, பாரம் வைத்துத் தட்டையாக்கி, பின்பக்க மூலையில் பென்சிலால் எண் போட்டு, தாளில் என்ன இருக்கிறது என்று கணினியில் பதிவது என் வேலை. பேனாவை உள்ளே கொண்டுபோக முடியாது. மேலதிகாரி முதல் நாளே ஒரு விதி சொல்லியிருந்தார்: தாளில் இருப்பதை எழுது, இல்லாததை ஊகிக்காதே. என்னைப் போன்ற ஒருத்திக்கு அதைவிட ஆறுதலான விதி கிடையாது. வீட்டுக்கும் அப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைப்பேன்.

சிக்கல், "அறையின் பயன்" என்ற ஒரு கட்டத்தில் வந்தது. அந்த வீடுகளின் தரைப்படங்களில் பல அறைகளுக்குப் பெயர் இல்லை. ஓர் இலக்கம், பக்கத்தில் ஓர் எழுத்து, அவ்வளவுதான். எனக்கு முன் அங்கே வேலை செய்தவர் எல்லாவற்றுக்கும் "வரவேற்பறை" என்று போட்டுவிட்டுப் போயிருந்தார். அப்படிப் பார்த்தால் ஒரு வீட்டில் மூன்று வரவேற்பறை, படுக்க இடமே இல்லை. எழுத்துகளை வாசித்துச் சொல்லச் சில நாட்களில் ஒரு ஜப்பானியப் பெண்மணி வருவார். படிக்க வந்து, இங்கேயே கலியாணம் செய்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். அவரிடம் கேட்டேன்.

"ஆறு பாய்," என்றார்.

அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். என் காதில் அது நேரே தமிழில் விழுந்தது.

"என்ன அறை?"

"ஆறு பாய் அறை. ஆறு பாய் விரிக்கக்கூடிய அளவு."

"படுக்கையறையா?"

"இரவில் படுக்கையறை. பகலில் சாப்பிடலாம், விருந்தாளிகள் இருக்கலாம், பிள்ளைகள் படிக்கலாம்."

"கட்டில்?"

பென்சில் முனை தாளில் படாமல், அறையின் ஓரத்திலிருந்த ஒடுங்கிய நீளப் பெட்டியைக் காட்டினார். "அலமாரி. காலையில் மெத்தையை மடித்து இதற்குள் வைத்துவிடுவார்கள்."

எங்கள் சோபாவின் பின்பக்கம் என் கண்முன் வந்தது. வேலைநேரத்தில் சொந்தக் கதை கதைப்பவள் இல்லை நான். அன்று கார்டெரிப் படம், தப்பி, வீட்டுக்கு வரப்போகிறவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கழிவுத்தாளொன்றில் பென்சிலால் மூன்று நேர்க்கோடுகள் கீறினார். நடுக்கோடு கட்டை.

"இது நதி என்ற எழுத்து. அம்மா, பிள்ளை, அப்பா. நதி எழுத்துப்போலப் படுப்பது என்று எங்கள் மொழியில் சொல்வோம்."

அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். மெத்ரோவில் இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன். வீட்டில் கணவருக்குக் காட்டி, ஆறு பாய் அறையைப் பற்றியும் சொன்னேன்.

"ஆறு பாயோ? என்ன, பாய்க்கப்பலே?"

"பகிடி விடாதேங்கோ. இவையளுக்கு இதுக்கெண்டு ஒரு எழுத்தே இருக்கு. எங்களுக்கு ஒண்டும் இல்லை."

"ஏன் இல்லை? உம்மட மகள் நடுவில நேராயோ கிடக்கிறா? தலைமாட்டில ஏறி, ரெண்டு பேருக்கும் மேலயெல்லே கிடக்கிறா. கீழ நீர் ஒரு புள்ளி, நான் ஒரு புள்ளி, மேல அவ ஒரு புள்ளி. ஆய்த எழுத்து!"

மகள் ஓடிவந்து, பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலுமாக, ஆய்தம் என்றால் என்ன என்று கேட்டாள். கணவர் தாளின் கீழே மூன்று புள்ளிகள் வைத்துக் காட்டினார். எது தன்னுடையது என்று கேட்டு, மேலிருந்த புள்ளியைப் பெரிதாக்கினாள்.

அந்தக் கிழமை முழுவதும் மெத்ரோவில் நின்றபடி, வரப்போகிறவரிடம் சொல்லவேண்டியதைப் பிரெஞ்சில் மனப்பாடம் செய்தேன். ஜப்பானிலும் இப்படித்தான், மதாம். அங்கே நல்ல படித்த குடும்பங்களிலும் இப்படித்தான். பெரிய கட்டடக்கலைஞர்கள் கீறிய வீடுகளிலும் இப்படித்தான். என்னிடம் ஒரு கட்டடக்கலைஞர் இருந்தார். அவருடைய வரைபடங்கள் என் பக்கம் இருந்தன. எனக்குக் கொஞ்சம் துணிவு வந்திருந்தது.

அடுத்த தாள்கட்டைப் பிரித்தபோது அந்தத் துணிவு போயிற்று. அதே கட்டடக்கலைஞர், அடுத்து வந்த வருடங்களில் கீறிய வீடு. ஆறு பாய் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதற்குள் இரண்டு நீள்சதுரங்கள். ஒவ்வொன்றின் தலைப்பக்கத்திலும் தலையணைக்கு ஒரு வளைவு. கட்டில்கள். அறையைச் சுற்றிச் சுவர், ஒரு கதவு. ஓரத்தில் அவருடைய கையெழுத்தில் ஏதோ இருந்தது. மொழிபெயர்க்கும் பெண்மணி வாசித்தார்.

"பிள்ளைகள் அறை. கதவு மூடக்கூடியதாக இருக்கவேண்டும்."

"இவரா எழுதினார்?"

"இவர்தான். அந்தக் காலத்தில் நவீனமாக யோசித்த கட்டடக்கலைஞர்கள் பலருக்கு இதில் பிடிவாதம் உண்டு. சாப்பிடும் இடம் வேறு, படுக்கும் இடம் வேறு. பெற்றோர் வேறு, பிள்ளைகள் வேறு. எல்லோரும் ஒரே அறையில் படுப்பதைப் பழைய பழக்கம் என்று நினைத்தார்கள்."

யாரை என் பக்கத்துச் சாட்சி என்று நினைத்துக்கொண்டு ஒரு கிழமையாக மெத்ரோவில் ஒத்திகை பார்த்தேனோ, அவரே கார்டெரி ஆசிரியையின் பக்கம் இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே இருந்திருக்கிறார்.

"நீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் நதியில் வளர்ந்தவள். என் பிள்ளைகளை இங்கே கட்டிலில் வளர்த்தேன்."

"எது சரி?"

"அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்." பென்சிலை மேசையில் வைத்தார். "நான்தான் அவர்களுடைய கதவடியில் போய்ப் படுப்பேன்."

அந்த வீட்டுக்குப் பல தாள்கள் இருந்தன. பிள்ளைகள் அறைக்கும் ஆறு பாய் அறைக்கும் இடையிலிருந்த சுவரை ஒவ்வொரு தாளிலும் ஏதோ செய்திருந்தார்கள். ஒன்றில் தடிப்பாக இருந்தது. ஒன்றில் மையைப் பிளேட்டால் சுரண்டியிருந்தார்கள். அந்த இடத்தில் தாள் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் என் விரல் தெரிந்தது. கடைசித் தாளில் சுவர் இல்லை. இழுத்துத் திறக்கும் கதவுகள் நான்கு. திறந்தால் இரண்டு அறையும் ஒன்று.

யார் கேட்டு மாற்றினார்கள்? அந்த வீட்டு அம்மாவா? "எனக்குச் சுவர் வேண்டாம்" என்று அவள் சொல்லியிருப்பாளா? இல்லை, வெளிச்சத்துக்காகவா, காற்றுக்காகவா? மொழிபெயர்ப்பவர் எல்லா ஓரக் குறிப்புகளையும் வாசித்துப் பார்த்துவிட்டு, இதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். அந்த அம்மாதான் கேட்டாள் என்று எழுத என் விரல்கள் துடித்தன. "சுவர் நீக்கப்பட்டு இழுகதவுகள் வரையப்பட்டுள்ளன" என்று எழுதினேன். மேலதிகாரி சரி பார்த்துவிட்டு, நன்று என்றார். கதவைத் திறந்து வைத்தார்களா, மூடி வைத்தார்களா, பிள்ளைகள் எந்தப் பக்கம் படுத்தார்கள் என்பது எந்தச் சேகரிப்பிலும் வராது. பஸ்ஸில் வீடு வரும்வரை அந்த வீட்டு அம்மாவோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டு வந்தேன்.

அன்று பின்னேரமே கட்டிலில் கிடந்த உடுப்புக் குவியலை எடுத்து மடித்தேன். கணவர் வாசலில் நின்று பார்த்தார்.

"உமக்கு ஆர் சொன்னது இப்ப இதைச் செய்யச்சொல்லி? அந்தப் படம் கீறினவனோ?"

"ஆக்கள் வரமுதல் பழக்கவேணும்."

"வாறவ ஒரு நாள் வந்திட்டுப் போயிடுவா. பிள்ளை எங்களோடயெல்லே இருக்கப்போறா."

மகள் புது விரிப்பைத் தடவிப் பார்த்தாள். "வடிவா இருக்கு. அம்மா, நீங்கள் இதில படுங்கோ. நான் அப்பாவோட படுக்கிறன்."

பழக்கினேன். அழுதாள். கொஞ்ச நாட்கள் கணவர் என்னோடு அளந்துதான் கதைத்தார். நானும் ஒவ்வொரு காலையும், போதும், இன்றோடு விடுவோம் என்று நினைப்பேன். பின்னேரம் அன்ரியின் குரல் காதில் கேட்கும். பிறகு ஒரு கட்டத்தில் அழுகை நின்றது. பனி உருகத் தொடங்கியபோது அவள் தானே போய்ப் படுத்தாள்.

அதன் பிறகுதான் சமூக சேவைப் பெண் வந்தார். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார்; கணவருக்கு அதிலேயே பிடித்துவிட்டது. என்ன சாப்பிடுகிறாள், ஊசிகள் போட்டாயிற்றா, வீட்டில் என்ன மொழி என்று கேட்டார். நான் கேட்காமலே எழுந்துபோய்ச் சின்ன அறையின் கதவைத் திறந்து காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, அழகான அறை என்று மகளிடம் சொன்னார். அவ்வளவுதான். தேத்தண்ணியும் குடித்து முடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"படுக்கிற விஷயம்?" என்று நானே கேட்டேன்.

"ஓ, அதுவா?" என்றார். "பிள்ளை பாதுகாப்பாகப் படுத்தால் போதும். எத்தனையோ குடும்பங்களில் சேர்ந்துதான் படுக்கிறார்கள். உங்களுக்கு எது சரியோ அது."

கணவர் அவருடைய தலைக்கு மேலால் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

அன்றிரவு கணவர் மெத்தையை விரித்துவிட்டு, "இனிப் பிள்ளையைக் கூப்பிடும்," என்றார். கூப்பிட்டேன். சின்ன அறை வாசலில் கரடிப்பொம்மையோடு நின்று, "நொன். நான் என்ர அறையில," என்றாள். கணவர் "ஓ, பெரிய மனிசி!" என்று சிரித்தார். பிறகு நடுவில் வைத்த சின்னத் தலையணையை எடுத்துச் சோபாவில் போட்டார்.

என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அந்தச் சேகரிப்பை இப்போது வேறு யாரோ பதிந்துகொண்டிருப்பார்கள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். நாங்களும் ஹோலை விட்டுப் படுக்கையறைக்கு மாறிவிட்டோம். யன்னலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறோம். கோடையில் எனக்கு இரண்டாவது பிள்ளை பிறக்க இருக்கிறது.

சில நாட்களாக, விடியும் நேரத்தில் மகள் எங்கள் அறை வாசலில் வந்து நிற்கிறாள். முந்தி என்றால் எங்கள் தலைமேல் ஏறி விழுந்திருப்பாள். இப்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சில், வரலாமா என்று கேட்கிறாள். அவளுடைய ஆசிரியையிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்கிறாள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சில நாள் வா என்கிறேன். சில நாள், பழக்கிய பழக்கம் குழம்பக் கூடாது என்று எங்கோ வாசித்தது நினைவுக்கு வந்து, "போய் உங்கட கட்டில்ல படுங்கோ குஞ்சு" என்கிறேன். எதைச் சொன்னாலும் அன்று பகல் முழுவதும் மற்றதைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது. கணவரைக் கேட்டால், "கூப்பிடுமன், உதெல்லாம் ஒரு கேள்வியே" என்று திரும்பிப் படுத்துவிடுகிறார்.

பிறக்கப்போகும் பிள்ளையை எங்களோடு கிடத்தினால், சுவருக்கு அந்தப் பக்கம் தனியே கிடக்கிறவள் என்ன நினைப்பாள்? முதல் நாளிலிருந்தே தொட்டிலில் விட்டால், இந்தப் பிள்ளைக்கு அவளுக்குக் கிடைத்ததுகூடக் கிடைக்காமல் போகாதா? இருவரையும் ஒரே அறையில் விட்டால்? எழுத எழுதக் கேள்வி கூடுகிறது.

பிள்ளை வளர்த்தவர்கள், இங்கேயோ வேறெங்கேயோ, இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள். இரண்டே விஷயம். விடியற்காலையில் வாசலில் நின்று அனுமதி கேட்கும் மூத்தவளுக்கு நான் என்ன பதில் சொல்லவேண்டும்? வரப்போகும் சின்னதை எங்கே கிடத்தவேண்டும்? உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எழுதினால் இன்னும் நல்லது. ஆளுக்கொரு மாதிரி எழுதினாலும் பரவாயில்லை, திட்டினாலும் பரவாயில்லை. தயவுசெய்து, "உங்களுக்கு எது சரியோ அது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.